தாமஸ் லிங்கன் சோம்பேறி அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாளையொட்டித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மகனைப் பற்றி எழுதியிருந்ததில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் தந்தை தாமஸ் லிங்கனைப் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: எழுத்தறிவில்லாதவர், ஓரிடத்தில் நிலைத்து உழைக்க மனமில்லாமல் ஊர் ஊராகத் திரிந்த சோம்பேறி, மகன் புத்தகத்தைத் தொட்டாலே சினந்தவர். மாணவர்கள் படித்து மனத்தில் பதித்துக்கொள்ளும் பக்கம் என்பதால், அந்த வாக்கியம் ஒரு விவசாயிக்குச் செய்திருக்கும் அநியாயத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நில அளவையராக 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒரு குடும்பம் ஏன் மண்ணை விட்டுப் போகிறது என்பதைக் கேட்டுக் கேட்டே என் பணிக்காலம் கழிந்தது. அந்தக் கண்ணோடு தாமஸ் லிங்கனின் வாழ்க்கையைப் பார்க்கும்போது தெரிவது சோம்பல் அல்ல, எல்லைத் தகராறு.

இந்தக் குடும்பத்தின் அமெரிக்க வேர் சாமுவேல் லிங்கன் என்ற நெசவுத் தொழிலாளி. இவர் 1637-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து கப்பலேறி மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரில் குடியேறினார். அவருடைய சந்ததியினர் தலைமுறைக்குத் தலைமுறை மேற்கிலும் தெற்கிலும் நிலம் தேடி நகர்ந்தார்கள். பென்சில்வேனியா வழியாக வர்ஜீனியாவுக்கு வந்து சேர்ந்த கிளையில் 1778 ஜனவரி 6 அன்று தாமஸ் பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரும் ஆபிரகாம்தான். அவர் குடும்பத்தோடு கென்டக்கிக்குப் பெயர்ந்து, 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு உரிமை பெற்றவர். 1786-இல் மகன்களோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பழங்குடியினரின் தாக்குதலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தையின் உடலருகே நின்றிருந்த எட்டு வயதுத் தாமஸைத் தூக்கிச் செல்ல வந்தவரை அண்ணன் மார்டெக்காய் குடிசையிலிருந்து சுட்டு வீழ்த்தித் தம்பியைக் காப்பாற்றினார். அன்று நடைமுறையில் இருந்த சட்டப்படி தந்தையின் சொத்து மூத்த மகனுக்கே போயிற்று. இளையவரான தாமஸுக்குக் கிடைத்தது கூலி வேலை. பள்ளிக்கூடத்தின் நிழலையே அறியாத அந்தச் சிறுவன் கூலி வேலைக்கு நடுவில் தச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டார். தட்டுத்தடுமாறித் தம் பெயரைக் கையெழுத்திடுவதற்கு மேல் தம் தந்தைக்கு எழுதத் தெரியாது என்று மகன் பிற்காலத்தில் எழுதியது உண்மைதான். அதைச் சொல்கிறவர்கள், எட்டு வயதில் தந்தையையும் நிலத்தையும் ஒருசேர இழந்தவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்டவர் 25 வயதில், 1803-இல், தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு கென்டக்கியில் மில் கிரீக் ஓடையருகே 238 ஏக்கர் நிலத்தை 118 பவுண்டுக்குக் கிரயம் செய்தார். 1806-இல் நான்சி ஹாங்க்ஸை மணந்தார்; அடுத்த ஆண்டு சாரா என்ற மகள் பிறந்தாள். 1808 இறுதியில் சிங்கிங் ஸ்பிரிங் என்ற ஊற்றுப் பண்ணையை 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார். 1809 பிப்ரவரி 12 அன்று மகன் ஆபிரகாம் பிறந்தது அங்கேதான். 1811-இல் நாப் கிரீக்கில் வேறொரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். இம்மூன்றில் ஒன்றுகூட அவரிடம் முழுதாகத் தங்கவில்லை. மில் கிரீக் நிலத்தை 1814-இல் விற்கும்போது 238 ஏக்கர் 200 ஏக்கராகக் கணக்கிடப்பட்டு, வாங்கியதைவிட 18 பவுண்டு குறைவாகவே கைக்கு வந்தது. ஊற்றுப் பண்ணையில் முந்தைய உரிமையாளர் ஒருவரின் நிலுவைப் பாக்கி வில்லங்கமாக வந்து நீதிமன்றம் ஏற, கொடுத்த பணமும் நிலமும் சேர்ந்தே போயின. நாப் கிரீக்கிலோ, அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் தங்களுக்கே சொந்தம் என்று வெளியூர்க்காரர்கள் அவர்மீதும் அக்கம்பக்கத்து விவசாயிகள்மீதும் வெளியேற்ற வழக்குத் தொடுத்தார்கள்.

இதற்குக் காரணம் கென்டக்கியில் நிலம் அளக்கப்பட்ட முறை. அரசு முன்கூட்டி அளந்து கொடுக்கவில்லை. உரிமைச்சீட்டு வைத்திருந்தவர் தமக்குப் பிடித்த இடத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ ஓடை வளைவையோ அடையாளம் சொல்லி எல்லை எழுதிக்கொண்டார். ஒருவர் எழுதிய எல்லைக்குள் இன்னொருவரின் எல்லையும், அதன்மேல் மூன்றாமவரின் எல்லையும் விழுந்தன. லிங்கன் பிறந்த பண்ணையின் எல்லையே, ஊற்றுக்கு மேலே 13 கோல் தொலைவில் நிற்கும் பெரிய வெள்ளை ஓக் மரத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1805-ஆம் ஆண்டு அளவையில் குறிக்கப்பட்ட அந்த மரம் 1976 வரை உயிரோடு நின்றது. அந்தத் தகவலைப் படித்தபோது, "வடக்கே ஆலமரம், கிழக்கே வாய்க்கால்" என்று எல்லை எழுதப்பட்ட பழைய பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, மரமும் இல்லாமல் வாய்க்காலும் இல்லாமல் வெற்று வயலில் நின்றிருந்த நாள்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. மரம் நிலைத்து நின்றது; அதன் அடியில் குடியிருந்தவரால் நிற்க முடியவில்லை.

1816 டிசம்பரில் தாமஸ் ஓஹியோ ஆற்றைக் கடந்து இந்தியானாவுக்குப் போனார். அடிமை முறை ஒரு பகுதிக் காரணம் என்றாலும், முக்கியமான காரணம் கென்டக்கியின் நில உரிமைச் சிக்கலே என்று மகனே 1860-இல் எழுதியிருக்கிறார். ஆற்றுக்கு வடக்கே 1787-ஆம் ஆண்டு ஆணையால் அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்தது. அதைப் போலவே முக்கியமானது 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டம்: விற்பதற்கு முன்பே அரசு நிலத்தை அளந்து, ஆறு மைல் சதுரங்களாகவும் அவற்றுக்குள் 640 ஏக்கர் கட்டங்களாகவும் பிரித்து எண்ணிட்டது. அந்த அளவைக்குப் பயன்பட்டது 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட அளவுச் சங்கிலி. நம் நில அளவைத் துறையின் பழைய புலப்படங்களில் லிங்க்ஸ் (கண்ணி) கணக்கில் எழுதியிருக்கிறதே, அதே சங்கிலி. 1817 அக்டோபரில் தாமஸ் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய், ஏக்கருக்கு 2 டாலர் வீதம் 160 ஏக்கரைத் தவணை முறையில் பதிவு செய்தார். அவர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, வேறு எவரும் வந்து கேட்க முடியாத நிலம் அது. (அந்த மண்ணில் அதற்கு முன் வாழ்ந்த பழங்குடி மக்களிடமிருந்து ஒப்பந்தங்கள் வழியே அரசு அதை வாங்கி அதிக ஆண்டுகள் ஆகியிருக்கவில்லை. தாமஸுக்குக் கிடைத்த உறுதி அவர்கள் இழந்ததிலிருந்து வந்தது என்பதையும் மறைக்கலாகாது.)

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. காட்டில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு நச்சுச் செடியை மாடுகள் மேய்ந்தால் அந்த நஞ்சு பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடித்தவர் நடுக்கமும் வாந்தியும் கண்டு சில நாள்களில் இறப்பார். பால்நோய் என்று அவர்கள் அழைத்த அந்த நோயின் காரணம் அக்கால மக்களுக்குத் தெரியாது. 1818 அக்டோபர் 5 அன்று நான்சி அந்நோயால் இறந்தார். தாமஸே மரம் அறுத்துச் சவப்பெட்டி செய்தார். பலகைகளைப் பொருத்த இரும்பாணி இல்லாததால், ஒன்பது வயது ஆபிரகாம் அருகே அமர்ந்து மர ஆணிகளைச் சீவிக் கொடுத்தான் என்று குடும்பத்தினர் சொல்லி வந்திருக்கிறார்கள்.

ஓராண்டுக்குப் பின் தாமஸ் கென்டக்கிக்குப் போய், முன்பே அறிமுகமான சாரா புஷ் என்ற கைம்பெண்ணை 1819 டிசம்பரில் மணந்து, அவரையும் அவருடைய மூன்று பிள்ளைகளையும் அழைத்து வந்தார். ஐந்து பிள்ளைகள் ஒரே குடிசையில் வளர்ந்தார்கள். லிங்கனைப் படிக்க ஊக்குவித்தவர் இந்தச் சிற்றன்னை என்பதைத் தங்கள் கட்டுரை சரியாகவே சொல்கிறது. அதே அம்மையார், மகன் கொல்லப்பட்ட 1865-ஆம் ஆண்டில், லிங்கனின் வழக்கறிஞர் கூட்டாளியான ஹெர்ன்டனிடம் சொன்ன இன்னொன்று கட்டுரையில் இல்லை: தவிர்க்க முடிந்தவரை, படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வா என்று தம் கணவர் மகனைச் சொன்னதே இல்லை என்றார் அவர். ஒரே வீட்டில் இருவரோடும் வாழ்ந்தவரின் வாக்குமூலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிடுவது முறையாகுமா?

தாமஸ் இந்தியானாவில் 14 ஆண்டுகள் ஓரிடத்திலேயே இருந்தார். காட்டை வெட்டி மக்காச்சோளம் பயிரிட்டார். ஊர்ப் பாப்டிஸ்ட் தேவாலயத்தைக் கட்டுவதில் பங்கேற்றார். அக்கம்பக்கத்தாருக்கு அலமாரிகள் செய்து கொடுத்தார். விளிம்பில் நேர்த்தியாகப் பதித்த வேலைப்பாடு கொண்ட அவருடைய மூலை அலமாரிகள் சில இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நிலத்தின் தவணையைத்தான் முழுதாகக் கட்ட முடியவில்லை. 1827-இல் பாதி நிலத்தை அரசிடமே திருப்பிக் கொடுத்து, அதற்குக் கட்டியிருந்த பணத்தை மறுபாதியின் கணக்கில் சேர்த்து, 80 ஏக்கருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1828-இல் மகள் சாரா பிரசவத்தில் இறந்தார். பால்நோய் மறுபடியும் பரவுகிறது என்ற அச்சம் வந்தபோது, 160 டாலருக்கு வாங்கிய அந்த 80 ஏக்கரை 125 டாலருக்கு விற்றுவிட்டு, 1830-இல் மாட்டு வண்டிகளில் குடும்பத்தோடு இல்லினாய்ஸுக்குப் போனார். அங்கும் முதல் ஆண்டிலேயே காய்ச்சலும், பழையவர்கள் வெகுகாலம் பேசிய கடும் பனிக்காலமும் வாட்டின. 1831 முதல் இறுதிவரை கோல்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்தார்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையில் அன்பு குறைவாக இருந்தது என்பதை நான் மறுக்க வரவில்லை. 21 வயது வரை மகன் பிறரிடம் செய்த வேலையின் கூலியைத் தந்தைதான் பெற்றார். சட்டமும் வழக்கமும் அதை அனுமதித்தன என்றாலும், மகனின் மனத்தில் அது வடுவாக இருந்திருக்கலாம். 1841-இல் மகன் 200 டாலர் கொடுத்துத் தந்தையிடமிருந்து 40 ஏக்கரை வாங்கி, பெற்றோர் இருவரும் ஆயுள்வரை அனுபவிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார், பணத்தில் கைவிடவில்லை. ஆனால் 1851 ஜனவரியில் தந்தை மரணப் படுக்கையில் இருந்தபோது அவர் போகவில்லை. இப்போது சந்தித்தால் மகிழ்ச்சியைவிட வேதனையே மிகுதியாக இருக்குமோ என்று ஐயுறுவதாகக் கடிதம்தான் எழுதினார். ஜனவரி 17 அன்று 73 வயதில் தாமஸ் இறந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த தம் கடைசி மகனுக்கு லிங்கன் இட்ட பெயர் தாமஸ். 1861 ஜனவரி இறுதியில், அதிபர் பதவியேற்கப் புறப்படுவதற்கு முன், சிற்றன்னையைப் பார்க்கப் போனவர் தந்தையின் கல்லறைக்கும் போய் வந்தார்.

என்னைப் போன்ற நில அளவையன் ஒருவனுக்கு மனத்தில் நிற்கும் செய்திகள் வேறு இரண்டு. எல்லைப் பிழைகளால் நிலம் இழந்தவரின் மகன், 1833-இல் சங்கமன் மாவட்டத்தில் துணை நில அளவையராகச் சங்கிலி பிடித்துப் பிழைத்தார். பின்னர் 1862 மே 20 அன்று அதிபராக அவர் கையெழுத்திட்ட குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிடுவோருக்குச் சிறு பதிவுக் கட்டணத்தோடு 160 ஏக்கர் வழங்கியது. வின்சென்ஸ் அலுவலகத்தில் தாமஸ் பதிவு செய்துவிட்டு, கட்ட முடியாமல் பாதியைத் திருப்பிக் கொடுத்ததும் அதே 160 ஏக்கர்தான்.

தாமஸின் நேரடி வாரிசு வழி 1985-இல் அற்றுப்போயிற்று. அவருக்காகப் பேச வீட்டார் எவரும் இல்லை. ஆகவே மாணவர் பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். "சோம்பேறி" என்ற சொல்லை நீக்கி, "கென்டக்கியில் நில உரிமைக் குளறுபடியால் அலைக்கழிக்கப்பட்டு, இந்தியானாவிலும் இல்லினாய்ஸிலும் உழுது பிழைத்த விவசாயி, தச்சர்" என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்,
தஞ்சாவூர்.