நிற்காமல் கடந்த ஊர்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம்.

சென்ற ஆண்டு சிகாகோவிலிருந்து மெம்பிஸுக்குக் காரில் போனபோது, மிசிசிப்பிப் பாலம் வந்ததும் "அப்பா, பாருங்கள்" என்றாய். நீ பாலம் வரைகிறவள்; உன் கண் இரும்புச் சட்டங்களில் இருந்தது. எனக்கும் அதுவே போதுமாக இருந்தது. பக்கத்தில் ஓர் ஊர் இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. எகிப்தின் கெய்ரோ பெயர்தான் அதற்கும். அங்குள்ளவர்கள் கேரோ என்கிறார்கள். மூன்று மாதமாக அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒஹாயோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடும் முனை அது. நீராவிப் படகுகளின் துறை. 1850களில் வடக்கிலிருந்து இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை வந்து, ஆற்றங்கரையில் முடிந்தது. தெற்கே போக வேண்டுமென்றால் படகில்தான் அக்கரை சேர வேண்டும். அக்கரையில் தண்டவாளத்தின் அகலமே வேறு. இங்கே நாலடி எட்டரை அங்குலம், அங்கே ஐந்தடி! 1881இல்தான் அதைச் சரிசெய்தார்கள். முப்பது வருடம் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிய எனக்கு, இதைப் படித்ததும் அந்த ஊரே கண்முன் வந்துவிட்டது. சரக்கு கைமாறும் இடத்தில் மூட்டை தூக்குகிறவர், கணக்கு எழுதுகிறவர், சோறு போடுகிறவர், இரவு தங்க இடம் தருகிறவர் என எத்தனை குடும்பங்கள் பிழைக்கும் தெரியுமா?

1889இல் ஒஹாயோவின் மேல் ரயில் பாலம் வந்தது. அதன் பிறகும் ஊர் வளர்ந்தது. 1920இல் 15,203 பேர். பிறகு இரண்டு ஆறுகளின் மேலும் சாலைப் பாலங்கள் எழுந்தன. நாம் போன 57ஆம் நெடுஞ்சாலைப் பாலம் 1978இல் ஊரை ஒதுக்கிவிட்டு வந்தது. 2020 கணக்கெடுப்பில் 1,733 பேர்.

ஆனால் பாலங்களின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை அம்மா. 1909இல் அந்த ஊரின் நடுவே ஒரு கறுப்பினத்தவரைக் கூட்டம் கூடிக் கொன்றது. 1960களில் கறுப்பினப் பிள்ளைகளும் நீந்த வருவார்கள் என்பதற்காக நீச்சல் குளத்தையே மூடினார்கள். தங்களுக்கு வேலை தராத கடைகளில் கறுப்பின மக்கள் பொருள் வாங்க மறுத்தபோது, வேலை தருவதற்குப் பதிலாகக் கடையைப் பூட்டியவர்களும் உண்டு. படிக்கவே நெஞ்சு கனத்தது.

2011 வெள்ளத்தில் அந்த ஊரைக் காக்க, மிசூரி மாநிலத்துப் பக்கக் கரையை ராணுவப் பொறியாளர்கள் வெடிவைத்து உடைத்தார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கர் விளைநிலம் மூழ்கியது. அப்போது ஊரில் மூவாயிரம் பேர்கூட இல்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அடுத்த முறை நாங்கள் வரும்போது அங்கே இறங்குவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மெல்ல நடந்து முனை வரை போகலாம். அந்த இடத்தில் ஒஹாயோதான் அதிக நீர் கொண்டுவருகிறதாம், பெயர் மட்டும் மிசிசிப்பிக்கு. நெடுஞ்சாலையில் எங்கே திரும்ப வேண்டும் என்று பார்த்து வை.

அன்புடன்,
அப்பா