மருத்துவமனை வாசல் நடைபாதை: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையின் மேற்கு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையுள்ள நடைபாதை பற்றி நான் அளித்த புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு, புகார் முடித்துவைக்கப்பட்டதாகச் சென்ற வாரம் குறுஞ்செய்தி வந்தது. நடைபாதை அப்படியேதான் இருக்கிறது. முடிந்திருப்பது புகார் மட்டுமே. அதன் நிலை தங்கள் பொறியாளர்களுக்குப் புதிதல்ல என்பதால், குறுஞ்செய்தி வந்த அன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று என் தாயாருக்கு நீரிழிவுப் பிரிவில் வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை, அடுத்து பாதப் பரிசோதனை, அதன்பின் கண் பரிசோதனை. பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், பல இடங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டதென்றும், காலில் அடிபட்டாலும் வலி தெரியாது என்பதால் சிறு காயத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாதென்றும் எச்சரித்தார். கண் பிரிவில், விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்தை விட்டார்கள். அதை விட்டுக்கொண்டவர்களுக்குச் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளவை கலங்கித் தெரியும். அந்தக் கண்களோடும் அந்தப் பாதங்களோடும் உச்சி வெயிலில் அவர் தங்கள் நடைபாதையில் இறங்கினார். யாரோ அறுத்தெடுத்துப் போன பெயர்ப்பலகைக் கம்பியின் அடிக்கட்டை அங்கே இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தை அடைந்து, செருப்பில் இரத்தத்தை அக்கா பார்த்துச் சொல்லும்வரை, கட்டைவிரல் கிழிந்தது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

நான் கேட்பது ஒன்றுதான்: மருத்துவமனை வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, இடையில் எந்தத் தடையும் இல்லாத ஒரு நடைபாதை.

மாலையில் பரிசோதனை முடிவை வாங்கத் திரும்பியபோது கேமராவை எடுத்துச் சென்று, அந்த வழி முழுவதும் நடந்து படமெடுத்தேன். உயரம் தெரிவதற்காக ஒவ்வொன்றின் அருகிலும் என் குடையைக் கிடத்தியிருக்கிறேன். பெயர்ந்த பேவர் கற்கள், மூடி சரிந்த மழைநீர் வடிகால், பாதையை முழுதாக அடைத்து நிற்கும் மின்பெட்டி, அதைச் சுற்றிப் போக முடியாதபடி நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனங்கள் எல்லாம் அவற்றில் உள்ளன. கம்பிக் கட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, பார்த்து நடக்கக் கூடாதா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். சாய்ந்த மாலை வெயிலில் அதற்கு நீண்ட நிழல் விழுந்ததால்தான் படத்தில் அது எடுப்பாகத் தெரிகிறது. நோயாளிகள் வெளியே வரும் நண்பகலில் அதற்கு நிழலே இல்லை. நல்ல கண்ணுக்கும் அது தரையோடு தரையாகத்தான் தெரியும்.

இந்திய சாலைக் குழுமத்தின் (Indian Roads Congress) வழிகாட்டு நெறிகள், நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையற்ற வழி இருக்க வேண்டும் என்கின்றன. தடையற்ற நடைபாதை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவை தாங்கள் அறியாதவை அல்ல. நகரின் பெயரைப் பெரிய எழுத்துகளில் நிறுத்தி, விளக்குப் போட்டு, மக்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ள இடம் அமைத்த மாநகராட்சிக்கு, ஒரு கம்பிக் கட்டையைப் பிடுங்கும் வல்லமை இல்லையென்று நான் நம்பவில்லை. அந்த எழுத்துகளைச் சுற்றிப் பதித்த கிரானைட் தளத்தில் ஒரு கல்கூடப் பெயரவில்லை என்பதையும் பார்த்தேன். நோயாளிகள் செல்ஃபி எடுப்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. படங்களை வாசலில் தொடங்கி நிறுத்தம் வரையான வரிசையில் இணைத்திருக்கிறேன். அந்தக் கம்பிக் கட்டையை இந்த வாரமே அகற்றவும், மின்பெட்டியை இடம் மாற்ற மின்வாரியத்துக்கு எழுதி அதன் நகலை எனக்கு அனுப்பவும், 1.8 மீட்டர் தடையற்ற நடைபாதையை எந்தத் தேதிக்குள் அமைப்பீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வேலை முடியும்வரை புகாரை முடித்துவைக்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். அம்மாவுக்கு அடுத்த மாதம் மீண்டும் பாதப் பரிசோதனை இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்