அம்மா மாத்திரையை எதோடு விழுங்குகிறார்?

அன்புள்ள மல்லிகா,

முதலில் ஒரு கேள்வி. அம்மா தைராய்டு மாத்திரையை எதோடு விழுங்குகிறார், அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கழித்து சோயா பால் குடிக்கிறார்? இதை இன்றைக்கே கேட்டுவிடு. என் கதையையெல்லாம் பிறகு மெதுவாகப் படித்துக்கொள்.

நாலு மாதமாக எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டு. வெட்கம்தான் காரணம். போன கடிதத்தில் சோயா பாலைப் பற்றி ஆறு பக்கம் பிரசங்கம் செய்திருந்தேனே, நினைவிருக்கிறதா? "மூன்றே மாதம், கல்லூரிக் காலத்து சுமதியைப் பார்ப்பாய்" என்று சவால் வேறு. அன்றைக்கு 74 கிலோ. இன்று காலை 76.

சிரித்து முடித்தாயா? சரி.

அந்தப் பாலின் மேல் பழி போடத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். வெனிலா வாசனை போட்டது, ஒரு தம்ளருக்கு 110 கலோரி, அதில் சேர்த்த சர்க்கரை மட்டும் 8 கிராம். சர்க்கரை போடாததை வாங்கியிருந்தால் 80 கலோரிதான், 7 கிராம் புரதம். கொழுப்பெடுக்காத மாட்டுப்பால் என்றால் அதே தம்ளருக்கு 150 வரும். ஆக நான் பிரசங்கம் செய்தது ஒரு பால், குடித்தது வேறு பால். அதுகூடப் பரவாயில்லை. எதற்குப் பதிலாகக் குடித்தேன்? எதற்குப் பதிலாகவும் இல்லை! சாப்பாடு அப்படியே, காபி அப்படியே, சாயங்காலக் கொறிப்பும் அப்படியே. அதற்கு மேல் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு நாளைக்கு 220 கலோரி கூடுதல். 120 நாளுக்கு 26,400. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 என்பார்கள், வகுத்துப் பார். காகிதக் கணக்கில் மூன்றரைக் கிலோ ஏறியிருக்க வேண்டும், இரண்டோடு விட்டிருக்கிறது.

இதுவரை வேடிக்கை. இனிமேல் வருவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

இரண்டு மாதமாக ஒரே அசதி. பகலில் தூக்கம், தலையைச் சீவினால் சீப்பு முழுக்க முடி, யாருக்கும் குளிராதபோது எனக்கு மட்டும் குளிர். வயசு என்று நினைத்து விட்டுவிட்டேன். ரத்தம் கொடுத்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 9. தைராய்டு குறைந்தால் ஏறுகிற எண் அது. ஆறு வருடமாக நானும் தைராய்டு மாத்திரைதான், அதே அளவு, எப்போதும் மூன்றுக்குள்தான் இருக்கும். மாத்திரையைக் கூட்டி எழுதப்போகிறார் என்று நினைத்தேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "மாத்திரையை எதோடு போடுகிறீர்கள்?" என்று கேட்டார். சோயா பாலோடு என்றேன், ஏதோ சாதனை மாதிரி.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உடம்பில் அயோடின் போதுமான அளவு இருந்தால் சோயா தைராய்டு சுரப்பியைக் கெடுப்பதில்லை. ஆனால் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதை அது தடுக்கும். கடைப் பாலில் கால்சியம் வேறு சேர்த்திருப்பார்கள், அதுவும் இந்த மாத்திரைக்கு ஆகாது. விழுங்கியதில் ஒரு பங்கு எனக்குச் சேராமலே போயிருக்கிறது. சோயாவை நிறுத்தச் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு மாத்திரை, காபிக்குக்கூட அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், சோயா பாலுக்கு நாலு மணி நேர இடைவெளி. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. ஏறிய இரண்டு கிலோவில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். "பங்கு பிரித்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று அந்த அம்மாவை.

போன வாரம் நீ எழுதியிருந்தாய்: "நீ சொன்ன மாதிரி அம்மா எழுந்ததும் சோயா பால்தான்." படித்ததும் பகீர் என்றது, மல்லி. நான் 52 வயதில் அசந்து போனேன், உடம்பு தாங்கிக்கொண்டது. அம்மாவுக்கு 78, இதயமும் பலவீனம். அவர் சோர்ந்து படுத்தால் நீயும் வயசு என்றுதானே விட்டுவிடுவாய், நான் விட்ட மாதிரி? நீயாக மாத்திரை அளவை மாற்றிவிடாதே. நேரத்தை மட்டும் பிரித்து வை, அவருடைய டாக்டரிடம் சோயா விஷயத்தைச் சொல், ரத்தம் பார்க்கச் சொல்.

இதயத்துக்கு அமுதம் என்றும் அந்தக் கடிதத்தில் அளந்திருந்தேன். அதிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடு. தினம் 25 கிராம் சோயா புரதம் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று டப்பாவில் போட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இல் அனுமதித்தது. 2017இல் சான்று உறுதியாக இல்லை என்று அவர்களே அதைத் திரும்பப் பெற முன்மொழிந்தார்கள். கெட்ட கொழுப்பு நூற்றுக்கு மூன்று நாலு அளவில் இறங்குகிறது, அவ்வளவுதான். அந்த 25 கிராமுக்கே மூன்றரைத் தம்ளர் வேண்டும்!

அப்புறம், சேகர் அண்ணா குடிக்க மறுப்பதாக எழுதியிருந்தாயே, மார்பு வளர்ந்துவிடும் என்று. சிரித்து வயிறு வலித்தது. அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. சோயாவில் ஐசோபிளேவோன் என்று பெண் ஹார்மோன் சாயலில் ஒன்று இருக்கிறது, வேலை செய்வதில் மிகச் சோப்ளாங்கி. 2008இல் ஒரு 60 வயதுக்காரருக்கு மார்பு வீங்கியதாக மருத்துவ இதழில் வந்தது. அவர் குடித்தது நாளுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர். நிறுத்தியதும் சரியாயிற்று. 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண்களின் ஹார்மோனில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அண்ணா ஒரு தம்ளருக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல். வேண்டாமென்றால் விடு, அவருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது, கட்டாயம் என்ன?

எனக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. மாட்டுப்பால் குடித்தால் வயிறு உப்பும். அந்தத் தொல்லை சோயாவில் இல்லை. அதனால் விடப்போவதில்லை. வீட்டிலேயே செய்கிறேன் இப்போது. முதல் முறை குபுகுபுவென்று நுரை பொங்கியதும் கொதித்துவிட்டதாக நினைத்து இறக்கிவிட்டேன். சோயா பால் 80 டிகிரியிலேயே பொங்கி ஏமாற்றும். பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாத ஒரு சரக்கு உண்டு, நன்றாகக் கொதித்தால்தான் அது அடங்கும். அன்று ராத்திரி நான் பட்ட பாட்டை எழுதினால் கடிதம் நாறும். இப்போதெல்லாம் பொங்கியதும் தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே இன்னும் பத்து நிமிடம் கொதிக்க விடுகிறேன். ஊறிய பயறைக் கொதிக்கும் தண்ணீர் விட்டு அரைத்தால் அந்தப் பச்சை வாடையும் குறைகிறது.

உன் மகன் பரீட்சை என்ன ஆயிற்று? வீடு மாறினாயா? எழுது. ஆனால் அம்மா விஷயத்துக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்காதே, இன்று ராத்திரியே ஃபோன் பண்ணு. ஒன்பது மணிக்கு மேல் தூங்கிவிடுவேன், அடித்துக்கொண்டே இரு, எழுந்துகொள்கிறேன்.

உன்
சுமதி