மாப்பிள்ளை பாக்குற கேமா? தமிழ் கேமிங் சேனல் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணன்களே, தம்பிங்களே, (அக்காங்களும் ரெண்டு மூணு பேரு இருக்கீங்க, உங்களுக்கும்தான்)

நான் காட்பாடி. ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். காலைல எட்டு மணிக்கு பஸ் ஏறுனா வீடு வந்து சேர ராத்திரி ஏழரை ஆயிடும், அப்புறம் சாப்ட்டுட்டு தம்பி லேப்டாப்ப புடுங்கிகினு ஒரு ரெண்டு மணி நேரம் கேம் ஆடுவேன், அவ்ளோதான் எனக்கு டைம். எட்டு ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டெல்லாம் தனியா கெடையாது. மே மாசத்துல டேபிள் ஃபேன லேப்டாப் பக்கம் திருப்பி வெச்சிட்டு நான் வேர்த்துகினு ஒக்காந்திருப்பேன். எங்கூர வெயிலூர்னு சும்மாவா சொல்றாங்க.

எனக்கு புடிச்சது லவ் கேமுங்க. டேட்டிங் கேம், விஷுவல் நாவல் (படமும் எழுத்துமா கதை ஓடுற கேம்), எப்டி வேணா சொல்லிக்கோங்க. சொல்றதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. வெக்கம் உங்களுக்குத்தான் இருக்குதுன்னு நெனைக்கிறேன், அதுக்குதான் இந்த மடல்.

ஒரு துப்பாக்கி கேம் வந்தா நீங்க எத்தன மணி நேரம் பேசுறீங்க, துப்பாக்கி எத்தன கிலோ, ரீலோடு எத்தன செகண்டு, எந்த செட்டிங்ல எவ்ளோ எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் ஓடுது), எல்லாம் அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சி வெச்சிடுவீங்க. லவ் கேம்னு வந்துட்டா மட்டும் தம்நெயில்ல ஒரு பொம்பள பொம்ம, செவப்பு வட்டம், "யாரும் இல்லாதப்ப பாருங்க"ன்னு ஒரு வரி. உள்ள போனா பதினஞ்சு நிமிஷம் சிரிப்பு. அந்த கேம் நல்லாருக்கா இல்லையான்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் சொல்றதில்ல.

ஏன் இவ்ளோ காண்டுன்னா, அப்டி ஒரு வீடியோவ நம்பி (யாருன்னு சொல்லல, இந்த மடல படிக்கிறப்ப அவருக்கே தெரியும்) போன வருஷம் ஒரு கேம் வாங்குனேன். "செம்ம லவ் ஸ்டோரி மக்களே"ன்னாரு. ராத்திரி பத்தரை மணி, ஹால்ல அப்பா நியூஸ் பாத்துகினு இருக்காரு, நான் ஹெட்போன கூட சரியா சொருகல. கதை ஆரம்பிச்சி அஞ்சாவது நிமிஷத்துல லேப்டாப்ப படார்னு மூடிட்டேன், மூடுனாலும் ஸ்பீக்கர்ல சவுண்டு ஒரு ரெண்டு செகண்டு வந்துச்சு பாருங்க, அந்த ரெண்டு செகண்டு எங்கப்பா டிவிய மியூட் பண்ணிட்டு திரும்பிப் பாத்த பார்வைய நான் மறக்கவே மாட்டேன். "பேய் கேம்பா"ன்னு சொல்லி சமாளிச்சேன். படுக்குற மாதிரி சீன் இருக்குற கேம் விக்கக் கூடாதுன்னு நான் சொல்லல, பெரியவங்க ஆடுனா ஆடிட்டுப் போறாங்க. ஆனா அதுல லவ்வும் இல்ல, கதையும் இல்ல. அந்தப் பொண்ணுக்கு ஒரு ஊரு, வேலை, கோவம், ஒரு எழவும் இல்ல. நீ எத சொன்னாலும் சரின்னு தலையாட்டுது.

நல்லவேளை ஸ்டீம்ல (பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடை) வாங்குனது. வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கு கம்மியா ஆடிருந்தா பணத்த திருப்பித் தந்துடுவாங்க, தந்துட்டாங்க. இத கூட உங்கள்ல எத்தன பேரு வீடியோல சொல்லிருக்கீங்க? இன்னொண்ணு, அந்த மாதிரி சமாச்சாரம் இருக்குற கேம்னா அந்த கேமோட பக்கத்துலயே கொஞ்சம் கீழ போனா இன்னா இன்னா இருக்குன்னு செஞ்சவங்களே எழுதி வெச்சிருப்பாங்க. அன்னிக்கு நான் அத படிக்கல, அது என் தப்பு. நீங்க படிச்சிட்டு சொல்லாம வுட்டது உங்க தப்பு.

அதுக்கப்புறம் நானே ஒரு கணக்கு வெச்சிக்கிட்டேன். லவ் கேம் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் பாப்பேன்: எதிர்ல இருக்குற ஆளு "முடியாது"ன்னு சொல்ல முடியுமா? அவ்ளோதான். படம் எவ்ளோ அழகு, எத்தன முடிவு இருக்கு, எத்தன ஹீரோயின், அதெல்லாம் அப்புறம். முடியாதுன்னு சொல்லத் தெரியாத ஆள லவ் பண்றது ஏடிஎம் மிஷின லவ் பண்ற மாதிரி, சரியான நம்பர அழுத்துனா காசு வந்துடும்.

நீங்களே ஆடுன கேம்ல இருந்து சொல்றேன். விட்சர் 3, 2015ல வந்தது, உங்கள்ல பாதி பேரு ஆடிட்டீங்க. அதுல நாம ஆடுற ஹீரோவுக்கு ட்ரிஸ், யென்னஃபர்னு ரெண்டு பொண்ணுங்க, ரெண்டு பேர்கிட்டயும் உன்னத்தான் விரும்புறேன்னு சொல்லிட்டு சுத்துனா இன்னா ஆவும்? ரெண்டு பேரும் சேந்து கட்டில்ல கட்டிப் போட்டுட்டு கெளம்பிடுவாங்க. நீங்க வுழுந்து வுழுந்து சிரிச்சீங்க, ஆனா அந்த ஒரு சீன்தான் அவங்கள ஆளா ஆக்குது. ஹேடிஸ்ல (2020) டுசான்னு ஒரு பொண்ணு, தல மட்டும்தான், முடிக்கு பதிலா பாம்பு, பறந்துகினே வீடு பெருக்கும். அதுக்கு பரிசா குடுத்து குடுத்து கடைசி வரைக்கும் கொண்டு போனா, "நாம ஃப்ரெண்ட்ஸாவே இருப்போம்"னு சொல்லிடும். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஆனா கோவம் வரல. அதே கேம்ல லவ் பண்ணக்கூடிய மெகேராவோ தனடோஸோ சரின்னு சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு அப்பதான் புரிஞ்சது.

ஸ்டார்ட்யூ வேலி பத்தி நெறைய சொல்லணும். 2016ல வந்தது, எரிக் பாரோன்னு ஒரே ஒருத்தரு செஞ்சது, படம், பாட்டு, கதை எல்லாம் அவரேதான். நீங்க எல்லாரும் இத "விவசாய கேம்"னு வீடியோ போட்டுட்டீங்க. கல்யாணம் பண்ணிக்க அதுல மொத்தம் 12 பேரு இருக்காங்க, அத யாரும் பேசுறதில்ல. ஒருத்தருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவதான் பரிசு குடுக்கலாம். காசு இருக்குன்னு வெல ஒசந்தத குடுத்தா வேலைக்கு ஆவாது. ஹேலின்னு ஒரு பொண்ணு, கேம்லயே கெடைக்கறதுக்கு ரொம்ப கஷ்டமான வானவில் கல்லு ஒண்ணு இருக்கும், அத கொண்டு போய் குடுத்தீங்கன்னா மூஞ்ச சுளிக்கும். அதுக்கு வேண்டியது ஒரு சூரியகாந்திப் பூ. ஒருத்தருக்கு நம்மள எவ்ளோ புடிச்சிருக்குன்னு இதயக் கணக்குல காட்டும், எட்டு இதயம் வந்தப்புறம்தான் லவ்வ சொல்ற பூங்கொத்து, அதுக்கு முன்னாடி நீட்டுனா வாங்கிக்காது. அப்புறம் கல்யாணத்துக்கு ஒரு சங்கு மாதிரி பதக்கம், 5000 காசு, கடற்கரையில ஒரு கெழவரு விப்பாரு, மழ பேயுற நாளுல மட்டும்தான் வருவாரு. நான் மழைக்காக ஒம்போது நாள் காத்திருந்தேன், கேம்லயும் எனக்கு வேலூர் மாதிரியே வானம் காயுது.

அன்னிக்கு அம்மா பக்கத்துல ஒக்காந்து கீர ஆஞ்சிகினு இருந்துச்சு. "இன்னாடி அது, மாப்பிள்ளை பாக்குற கேமா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "எங்க காட்டு"ன்னுச்சு. ஹார்வி டாக்டர்னு சொன்னதும் கீரைய கீழ வெச்சிட்டு கிட்ட வந்துடுச்சு. "டாக்டரா? சொந்த கிளினிக்கா? அப்ப இவரயே பாரு"ன்னு. நான் செபாஸ்டியன காட்டுனேன். எப்பப் பாத்தாலும் ரூமுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னாடியே இருப்பான், பைக்கு வெச்சிருக்கான், சிகரெட்டு புடிப்பான். "உன் தம்பி மாதிரியே கீறான், வேணாம்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் நைட்டு ஆனா அம்மாவே கேக்கும், டாக்டருக்கு காபி குடுத்தியான்னு. (ஹார்விக்கு காபி ரொம்ப புடிக்கும், அது நெஜம்தான்.) நான் திருட்டுத்தனமா செபாஸ்டியனத்தான் கட்டிக்கிட்டேன், அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அம்மா எட்டாவது வரைக்கும்தான். இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா வர்ற கேம அதுக்கு நான் படிச்சி சொல்லணும். நம்ம பசங்கள்லயும் நெறைய பேருக்கு அதான் பிரச்சன, கேம் புடிக்கலன்னு சொல்லுவாங்க, நெஜத்துல படிச்சி முடிக்கறதுக்குள்ள அலுத்துப் போயிடுது. இத நீங்க வீடியோல சொல்லணும்ல? எவ்ளோ படிக்கணும், எந்த அளவு இங்கிலீஷ்னு? எஃப்பிஎஸ் சொல்ற மாதிரி இதையும் சொல்லுங்களேன்.

அதனாலதான் ஃப்ளோரன்ஸ் மாதிரி ஒண்ண எல்லாருக்கும் காட்டணும்னு சொல்றேன். 2018ல போன்ல வந்து 2020ல பிசிக்கு வந்தது. பேச்சே கெடையாதுன்னு சொல்லலாம். ஃப்ளோரன்ஸ்னு ஒரு பொண்ணு, கிரிஷ்னு ஒரு பையன், இந்தியா வழி வந்தவன், செல்லோ வாசிப்பான். மொத தடவ ஹோட்டல்ல ஒக்காந்து பேசுறப்ப, பேசுறதுக்கு ஒரு பலூன் வரும்ல, அது துண்டு துண்டா ஜிக்ஸா மாதிரி இருக்கும், நாம சேத்து வெச்சாதான் அவ ஒரு வார்த்தை பேசுன மாதிரி. மொதல்ல நெறைய துண்டு. போகப் போக துண்டு கொறையும், ஒரு கட்டத்துல ரெண்டே துண்டு, அப்புறம் ஒண்ணே ஒண்ணு, பேச்சு தானா வருது. சண்ட வர்றப்ப அதே துண்டுங்க செவப்பா, முனை கூரா மாறிடும், எவ்ளோ வேகமா வெக்கிறோமோ அவ்ளோ வேகமா நாம கத்துறோம். அம்மாவுக்கு நான் ஒண்ணுமே வெளக்கல. செவப்பு துண்டு வந்ததும் மவுச புடிச்ச கைய எடுத்துடுச்சு. "வெக்காத, வெச்சா பெருசாயிடும்"னு சொல்லுச்சு. கொஞ்ச நேரம் அடுப்படி பக்கம் பாத்துகினு இருந்துச்சு, அப்புறம் "சரி போடு"ன்னுச்சு. முழு கேமும் ஒரு மணி நேரம் கூட ஆவாது. (ஆடி முடிச்சிட்டு பணத்த திருப்பி வாங்கலாம்னு யோசிக்கறவங்க இருக்கீங்க, எனக்குத் தெரியும், பண்ணாதீங்க.)

எமிலி இஸ் அவே, 2015, காசே வேணாம், ஃப்ரீ. பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் மாதிரி ஒரு ஸ்க்ரீன், அதுல ஒரு சாட் பெட்டி, 2002ல இருந்து 2006 வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவ அவகிட்ட பேசலாம். நாம ஒண்ண தேர்ந்தெடுத்து கீபோர்ட தட்டுனா எழுத்து வரும். சில நேரம் பாதி டைப் அடிச்சிட்டு, நம்ம கை மேலயே, அது அழிஞ்சிட்டு வேற ஒரு மொக்க வரி வரும். சொல்ல வந்தத சொல்லாம "ஓகே"ன்னு அனுப்புனவங்க யாரா இருந்தாலும் அந்த எடத்துல ஒரு நிமிஷம் நின்னுடுவாங்க. காலேஜ் முடிக்கறப்ப கோட்டை அகழி ஓரமா ஒக்காந்து ஒருத்தருக்கு நான் அடிச்சி அடிச்சி அழிச்சது எத்தன மெசேஜுன்னு எனக்குத்தான் தெரியும். அத பத்தி இங்க வேணாம்.

டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப் (2017) எல்லாரும் ஆடிட்டீங்க, ஏன்னா அதுல நீங்க கத்தலாம். அது லவ் கேம் வேஷம் போட்ட பேய்க்கத மாதிரி. சின்னப் பசங்களுக்கும் சட்டுனு மனசு ஒடைஞ்சி போறவங்களுக்கும் இது வேணாம்னு அந்த கேமே மொதல்லயே சொல்லுது. அந்த எச்சரிக்கைய ஸ்கிப் பண்ணிட்டு லைவ் போனீங்க ஒருத்தரு, சாட்ல இருந்ததுல பாதி ஸ்கூல் பசங்க. கொஞ்சம் பாத்து பண்ணுங்க.

பால்டர்ஸ் கேட் 3லயும் லவ் இருக்கு, ஆனா அத பத்தி நான் பேசல. 150 ஜிபி எடம் கேக்குது, எங்க லேப்டாப்ல மொத்தமே 256, அதுல தம்பியோட பாதி இருக்கு. புறாங்க படிக்கிற ஸ்கூல்ல நாம ஒருத்தி மட்டும் மனுஷியா போய் சேர்ற ஹாட்டோஃபுல் பாய்ஃப்ரெண்டும் இருக்கு, சிரிக்கறதுக்குன்னு ஒண்ணு வேணும்னா அத போடுங்க, அதுல சிரிச்சா நியாயம்.

கடைசியா என்னோட ஒரே ரிக்வெஸ்ட். தர்ஸ்டி சூட்டர்ஸ்னு ஒரு கேம், 2023 நவம்பர்ல வந்தது. ஜலான்னு ஒரு தெற்காசிய வீட்டுப் பொண்ணு, ஊர வுட்டுப் போனவ திரும்ப வீட்டுக்கு வர்றா, பழைய லவ்வருங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா எதிர்ல நின்னு சந்திக்கணும், சண்ட போட்டுகினே பேசி சமாதானம் ஆவணும். நடுவுல அம்மா அப்பா கூட சமைக்கணும். இதுல பெரிய ஆளு யாரு தெரியுமா? பாட்டி. பேரே பாட்டிதான், இங்கிலீஷ் கேம்ல அப்டியே பாட்டின்னு கூப்புடுறாங்க. அந்த பாட்டி பேத்திக்கு மாப்பிள்ளைங்கள அனுப்பி வெச்சிகினே இருக்கும். இத விட நம்ம வீட்டு கேம் வேற இன்னா வேணும்? ஒரு தமிழ் சேனல்ல கூட இத முழுசா ஆடி நான் பாக்கல, பாத்தவங்க சொல்லுங்க, நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்.

எங்க லேப்டாப்ல அது ஓடல, ட்ரை பண்ணிட்டேன், அடுத்தடுத்து நின்னுடுச்சு, பணம் திரும்ப வந்துடுச்சு. அதனால நீங்கதான் ஆடணும். வெள்ளிக்கெழம நைட்டு ஒம்போதுக்கு மேல போட்டீங்கன்னா நல்லது, சனிக்கெழம எனக்கு அரை நாள்தான் வேலை. தம்நெயில்ல செவப்பு வட்டம் வேணாம். அம்மாவும் பாக்கும், பாட்டி யாருக்கு மாப்பிள்ளை அனுப்புதுன்னு இப்பவே கேட்டுகினு கீது.

இப்படிக்கு,
காட்பாடியிலருந்து உங்க சேனல்ங்க எல்லாத்தையும் சப்ஸ்க்ரைப் பண்ணி வெச்சிருக்கற ஒருத்தி