வான் பாயும் நாட்களில் வாளையை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளத்து வானடியில், அதாவது குளம் நிரம்பி மேலதிக நீர் வழிந்து பாயும் இடத்தின் அடியில், பிடித்த பெரிய வாளையைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் நிற்கும் படத்தை உங்கள் பத்திரிகையில் பார்த்தேன். மீனின் வயிறு புடைத்திருந்தது. அது சினை வாளை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், கடலில் பிடிபடும் சாவாளை வேறு. இது நன்னீர் மீன். செதில் கிடையாது. நீண்ட மீசையும் கண்ணையும் தாண்டிப் பிளக்கும் வாயும் உண்டு. ஒரு மீற்றருக்கு மேலும் வளரும். பகலில் ஆழமான மடுக்களில் கிடந்துவிட்டு இரவில் இரை தேடும். சிறு மீன்கள்தான் முக்கிய உணவு. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட யப்பான் மீன் (திலாப்பியா) இன்று எங்கள் குளங்களில் நிறைந்து கிடக்கிறது. அதன் குஞ்சுகளைத் தின்று குறைக்கக்கூடிய உள்ளூர் மீன்களில் வாளையும் ஒன்று.

மாரி வெள்ளம் வந்ததும் வாளை நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். புது வெள்ளம் பரவிய, ஆழமில்லாத இடங்களில்தான் முட்டையிடும். இரணைமடுக் குளத்தில் கனகராயன் ஆறு வந்து விழும் பக்கம் போன்ற இடங்கள் அதற்கு வேண்டும். ஆனால் குளம் நிரம்பும்போது நீர் ஏறிப் பரவும் அலைகரையைப் பிடித்து வேலி போட்டு விதைப்பது பல குளங்களில் வழக்கமாகிவிட்டது. கீழே இருந்து ஏறி வருகிற மீனைக் குளக்கட்டும் வானும் மறிக்கின்றன. அப்படி மறிபட்டு வானடியில் திரளும் சினை மீனை மண்டா என்ற மீன் ஈட்டியால் குத்துவதும் ஒற்றை நைலோன் இழையாலான தங்கூசி வலையால் வளைப்பதும் பெரிய அநியாயம். தங்கூசி வலை ஏற்கெனவே தடைசெய்யப்பட்டது வேறு.

வாளையே பிடிக்கக்கூடாது என்று நான் கேட்கவில்லை. குளத்து மீனை நம்பி அடுப்பெரியும் குடும்பங்கள் வன்னியில் நிறைய. வாளைக் குழம்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் குளங்களில் விடப்படுபவை பெரும்பாலும் திலாப்பியா, கட்லா, றோகு குஞ்சுகள்தான். வாளை தானாகப் பெருகினால்தான் உண்டு. உலக அளவிலேயே அதை அருகிவரும் மீன்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

வான் பாயும் அந்தச் சில கிழமைகளுக்கு வானடியிலும் ஆற்று வாயிலும் வலை போடுவதில்லை என்று நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் தாங்களே முடிவெடுக்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கமக்காரர் அமைப்புகளும் அலைகரையைக் கொஞ்சமாவது விட்டுவைக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படியான படம் போட்டால், அது மீன் சினைப்படும் காலம் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி