சுருண்ட பரிமாணங்களின் வடிவம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடிப்படைத் துகள்கள் யாவும் நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்னும் இழைக் கோட்பாடு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, நாம் அறிந்த மூன்று இடப் பரிமாணங்களுக்கும் காலத்துக்கும் அப்பால் மேலும் ஆறு பரிமாணங்கள் புலப்படாத அளவுக்குச் சுருண்டிருப்பதாகச் சொல்லி, தொலைவிலிருந்து பார்த்தால் வெறும் கோடாகத் தெரியும் தோட்டக்குழாயின் உவமையோடு நின்றுவிட்டது. அவை மிகச் சிறியவை என்பது சரிதான். ஆனால் எந்த வடிவில் சுருண்டிருக்கின்றன என்பதில்தான் கோட்பாட்டின் உயிரே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

குழாய் உவமை, 1921-இல் கலூசா வெளியிட்டு 1926-இல் கிளைன் விரிவாக்கிய ஐந்து பரிமாணக் கருத்துக்குப் பொருந்தும். ஒரே ஒரு பரிமாணம் சுருண்டால் வட்டம் தவிர வேறு வழியில்லை. ஆறு சுருளும்போது வடிவங்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் மீச்சீர்மை (பருப்பொருள் துகள்களையும் விசைத் துகள்களையும் இணையாக்கும் சமச்சீர்) குலையாத நான்கு பரிமாண உலகைத் தரக்கூடியவை எவை என்று தேடிய கண்டேலாஸ், ஹோரோவிட்ஸ், ஸ்ட்ராமிங்கர், விட்டன் ஆகிய நான்கு இயற்பியலாளர்களும், கலாபி–யாவ் வெளிகள் அதற்கு ஏற்றவை என்று 1985-இல் காட்டினர். 1950-களில் கணிதர் கலாபி ஊகித்து, 1970-களில் கணிதர் யாவ் நிரூபித்த அந்தக் கணிதம், இயற்பியலாளர் கேட்குமுன்பே தயாராக இருந்தது.

வடிவம் என்ன செய்கிறது? எலெக்ட்ரானுக்கு மியூவான், டௌ என இரண்டு கனத்த உடன்பிறப்புகள் இருப்பதுபோல, பருப்பொருள் துகள்கள் மூன்று தலைமுறைகளாக வருகின்றன. ஏன் மூன்று என்பதற்கு வழக்கமான துகள் இயற்பியலில் விடை இல்லை. அந்த நால்வரின் எளிய மாதிரியிலோ, சுருண்ட வெளியின் துளைகளைக் கூட்டியும் கழித்தும் பெறும் ஆய்லர் எண்ணில், குறியை விட்டுவிட்டுப் பாதியை எடுத்தால் தலைமுறைகளின் எண்ணிக்கை வந்துவிடும். ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்றால் அமையும் புகழ்பெற்ற வெளிக்கு அந்த எண் −200. அதாவது நூறு தலைமுறைகள், நம் உலகத்துக்குச் சற்றும் ஆகாது. தியானும் யாவும் அமைத்துக் காட்டிய வெளிக்கு −6, விடை மூன்று! இதனால் கோட்பாடு மெய்ப்பட்டுவிடவில்லை. இத்தகைய வெளிகள் ஏராளம்; அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இன்னும் விதி இல்லை, சோதனைச் சான்றும் இல்லை.

ஆயினும் இந்த வடிவியலை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. மேற்சொன்ன ஐந்தாம் படி வெளியில் 2,875 நேர்கோடுகளும் 6,09,250 கூம்பு வளைவுகளும் அடங்கும் எனக் கணிதர்கள் ஏற்கெனவே கண்டிருந்தனர். மூன்றாம் படி வளைவுகளின் எண்ணிக்கை 31,72,06,375 என்று, கண்டேலாஸும் மூன்று சகாக்களும் 1991-இல், வடிவில் வேறுபட்ட இரு கலாபி–யாவ் வெளிகள் ஒரே இயற்பியலைத் தரும் என்னும் இழைக் கோட்பாட்டின் ஆடிச் சமச்சீரைக் கொண்டு கணித்தனர். கணினி வழியே அதை எண்ணிய எலிங்ஸ்ருட், ஸ்ட்ரோமே என்ற இரு கணிதர்களுக்கு வேறு விடை வந்தது. பின்னர் அவர்களுடைய நிரலில் பிழை இருப்பது தெரிந்து திருத்தியபோது, இயற்பியலாளர் சொன்ன அதே எண் கிடைத்தது. இந்த நிகழ்ச்சி அக்கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று: கட்டுரையுடன் அச்சான, மடிப்பு மடிப்பான வண்ணப் படம் ஆறு பரிமாண வெளியின் தோற்றமன்று, அதன் இரு பரிமாண வெட்டு முகம் மட்டுமே. படத்தின் கீழ் அதைக் குறிப்பிட்டால் மாணவர்கள் குழம்பமாட்டார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி