கட்-ஆஃப் கேட்காத கவுன்சலிங்

திருச்சி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது சோம்பலால் இல்லை. முடிவு எடுத்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். எடுத்துவிட்டேன். கவுன்சலிங் உளவியலில் பிஎச்.டி. சேரப்போகிறேன், ஆனால் நீ கூப்பிட்ட அமெரிக்காவில் இல்லை, இங்கேயே.

வீட்டில் சொன்ன அன்று நடந்த கூத்தை முதலில் கேள். மாமியார் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "எங்க மருமக கவுன்சலிங்ல டாக்டர் பட்டம் வாங்கப்போறா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் அந்த அம்மா பேரனோடு நிற்கிறார். "கட்-ஆஃப் நூத்தி எழுபத்திரண்டு வருதும்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எந்தக் காலேஜ்ல கிடைக்கும்?" பதிமூன்று வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்கிற கவுன்சலராக இருக்கிறேன், இந்தக் கேள்வியிலிருந்து இன்னும் தப்பிக்க முடியவில்லை. போகும்போது பையன் மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி, "ஆன்ட்டி, எனக்கு இன்ஜினியரிங்கே வேண்டாம்" என்றான். சாயங்காலம் வா என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தேன் என்று நினைக்காதே. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் வாங்கிய ஒவ்வொரு படிப்பும், எத்தனை வருஷத்தில் முடிக்கிறார்கள், எவ்வளவு செலவு, எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்று அட்டவணை போட்டு வெளியே வைத்தாக வேண்டும். அந்த அட்டவணையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் கடன் கணக்கை வாசலில் ஒட்டிவைத்த மாதிரி!

ஆனால் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஐந்தாறு வருஷம். அதன் கடைசியில் ஒரு வருஷம் முழுநேர இன்டர்ன்ஷிப். மாணவர்களையும் இடங்களையும் பொருத்திவிட நாடு முழுக்க நடக்கிற 'மேட்ச்'சில் அது எந்த மாநிலத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது. இடம் அதிகம் இருப்பது முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், அங்கே குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் கதவு. மாணவர் விசாவில் சி.பி.டி. என்கிற, படிப்பின் பகுதியான வேலைப் பயிற்சி முழுநேரமாகப் பன்னிரண்டு மாதத்தைத் தொட்டுவிட்டால், அந்தப் பட்டத்துக்குரிய ஓ.பி.டி., அதாவது படித்த துறையில் தற்காலிகமாக வேலை பார்க்கிற அனுமதி, போய்விடும். இருபத்தைந்து வயதில் இதெல்லாம் சாகசம். எனக்கு நாற்பத்தொன்று, மகள் யாழினி ஒன்பதாவது படிக்கிறாள். விடு.

இங்கேயோ விஷயமே வேறு. அங்கே பிஎச்.டி. முடித்தால் ஆராய்ச்சியும் தெரியும், எதிரே ஒருவரை உட்கார வைத்துப் பேசவும் பயிற்சி இருக்கும். நம்மூரில் அது ஆராய்ச்சிப் பட்டம் மட்டுமே. மேற்பார்வையில் இத்தனை மணிநேரம் ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் எதுவும் கேட்பதில்லை. லைசென்ஸும் வராது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், அதற்கான படிப்பு தனி. கவுன்சலிங்காரர்களுக்கு அந்தப் பதிவே கிடையாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் உளவியலாளர்களையும் சேர்த்திருக்கிறார்கள், பார்ப்போம். பேருக்கு முன்னால் 'டாக்டர்' வந்ததும் நல்ல கவுன்சலர் ஆகிவிடுவோம் என்று நினைத்துச் சேர்கிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது.

அப்புறம் நீ ஏன் சேர்கிறாய் என்று கேட்பாய். போன வருஷம் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு. ஒரு மாதமாக மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப்போகிறாள் என்று டீச்சர் அனுப்பியிருந்தார். மனச்சோர்வை அளக்க, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். 'நான் தாழ்வாக உணர்கிறேன்' என்ற வரியில் பேனாவை வைத்துக்கொண்டு, "தாழ்வான்னா குட்டையாவா மிஸ்?" என்றாள். கேட்டுவிட்டு 'ஒருபோதும் இல்லை' என்று டிக் அடித்தாள். கூட்டினால் மதிப்பெண் மிகக் குறைவு, அதாவது பிரச்சினை எதுவும் இல்லை. தாளை ஓரமாக வைத்துவிட்டு, எப்படிடா இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தவள், "நெஞ்சு மேல ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கு மிஸ்" என்றாள்.

அந்த ஈரத்துணிக்கு எந்த வினாத்தாளிலும் கட்டம் இல்லை. நம் பிள்ளைகள் மனக்கஷ்டத்தை எந்த வார்த்தையில் சொல்கிறார்கள் என்று சேகரித்து, அதிலிருந்து தமிழிலேயே ஓர் அளவுகோல் செய்ய வேண்டும். அதற்கு ஆராய்ச்சிப் பட்டம்தான் சரி. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டு, ஆராய்ச்சியை வழிநடத்துகிற கைடைத் தேடினேன்.

முதலில் போன இடம் பெயர் பெற்றது, பெயர் வேண்டாம். பேராசிரியர் அன்பாகத்தான் பேசினார், "டாபிக் நானே தர்றேன்மா" என்று சொல்லும்வரை. வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் அவருடைய ஸ்காலர்கள் மூன்று பேரைப் பிடித்தேன். உன் அமெரிக்க அட்டவணையை அங்கேயே நானே போட்டேன். சேர்ந்து எத்தனை வருஷம்? கைடைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? யார் விட்டுப்போனார்கள்? ஒரு பையன் ஏழு மாதத்தில் மூன்று முறை பார்த்தானாம், அதில் ஒரு முறை விடைத்தாள் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க. டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

இரண்டாவது ஓர் இணைப் பேராசிரியர், நம்மைவிட இளையவர். இணைப் பேராசிரியருக்கு ஆறு பிஎச்.டி. ஸ்காலர்கள்தான் உச்சவரம்பு, அவரிடம் இரண்டு இடம் காலி. ஈரத்துணிக் கதையைக் கேட்டுவிட்டு ஆஹா என்று சொல்லவில்லை. "அது மனச்சோர்வுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பயமா இருந்தா?" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சமயபுரம்வரை அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். இவர்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பகுதிநேரமாகச் சேரலாம், ஆட்சேபணை இல்லை என்கிற என்.ஓ.சி. கடிதத்தைப் பள்ளியில் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஆறு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு தருகிறார்கள். பத்து வருஷம் இழுத்தால் யாழினியும் நானும் சேர்ந்தே பட்டம் வாங்கலாம் என்று அவள் அப்பா கேலி செய்கிறார். அதற்கு முன்னால் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். சேர்க்கையில் எழுபது சதவீதம் அந்த மதிப்பெண்ணுக்கு, முப்பது நேர்காணலுக்கு. மூன்று மணி நேரத்தில் நூற்றைம்பது கேள்வி. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இப்போது உன்னிடம் வேலை. எம்.எஸ்ஸி.யில் ஃபேக்டர் அனாலிசிஸை உன் பச்சை அட்டை நோட்டைப் பார்த்துத்தான் தேறினேன், ஞாபகம் இருக்கிறதா? எந்தெந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கிற அந்தப் புள்ளியியல் முறை இல்லாமல் அளவுகோல் செய்ய முடியாது. எனக்கோ அதில் வரும் 'சுழற்சி' என்ற வார்த்தையைத் தவிர எதுவும் நினைவில்லை. அந்த நோட்டு உன் அம்மா வீட்டுப் பரணில் இருந்தால் சொல், ஸ்ரீரங்கம் போய் நானே எடுத்துக்கொள்கிறேன். ஞாயிறு காலை எட்டு மணி எனக்குத் தோது. உனக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி, மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
கலா